ரண்டரைப் படகுக்கு முன்னம் ஒரு கடிதம்

ஐயாத்துரை: எவ்வளவு எண்டு சொன்னனி?

சசிகரன்: பதினைஞ்சாயிரம், அண்ணை.

ஐயாத்துரை: சம்பளமோ?

சசிகரன்: சம்பளத்துக்கு மேல. மாதம் பதினைஞ்சாயிரம் கூட்டித் தாங்கோ எண்டு கேக்கிறன்.

ஐயாத்துரை: நில்லு... நில்லு. முதல்ல அந்தக் கதிரையில இரு. பதினொரு வருசமா என்ர படகுக்கு நீதான் ஓட்டி. நெடுந்தீவுச் சனத்தைக் காலமை ஒருக்கா, ரண்டரைக்கு ஒருக்கா குறிகட்டுவான் துறைக்குக் கொண்டுபோய் விடுறாய். இவ்வளவு காலத்தில ஒருநாள் எண்டாலும் சம்பளம் எண்டு வாய் திறந்தனியோ?

சசிகரன்: திறக்கேல்லை.

ஐயாத்துரை: அப்ப இண்டைக்கு என்ன வந்தது?

சசிகரன்: சாமான் விலையெல்லாம்...

ஐயாத்துரை: விலை நேற்றும்தான் ஏறினது. முந்தநாளும் ஏறினது. நான் இண்டையைப் பற்றிக் கேக்கிறன்.

சசிகரன்: ஒண்டுமில்லை, அண்ணை.

ஐயாத்துரை: ஒண்டுமில்லாமல் ஒருத்தன் வெள்ளிக்கிழமை ஒரு மணிக்கு, அயன் பண்ணின சேட்டோட முதலாளி வீட்டுக்கு வாறானோ? தலையும் வெட்டியிருக்கிறாய். எஞ்சின் எண்ணெய் மணக்கேல்லை உன்னில. பவுடர் மணக்குது.

சசிகரன்: குளிச்சனான்.

ஐயாத்துரை: ஏன் குளிச்சனி?

சசிகரன்: குளிக்கிறதுக்கும் காரணம் சொல்லோணுமோ, அண்ணை?

ஐயாத்துரை: இந்தத் தீவில நல்ல தண்ணிக்கு வாளியோட வரிசையில நிக்கினம். அதில ரண்டு வாளியை அள்ளி மத்தியானத்தில தலையில ஊத்தினவன் காரணத்தோடதான் ஊத்தியிருப்பான்.

இராசேஸ்வரி: இஞ்சாருங்கோ, ஆரோட கத்துறியள்? ... எட, சசியே? தம்பி, மோர் குடிக்கிறியோ? இப்பதான் கடைஞ்சனான்.

ஐயாத்துரை: மோர் பிறகு பாப்பம். உவர் சம்பளம் கூட்டிக் கேட்டு வந்திருக்கிறார்.

சசிகரன்: மரியாதை வைச்சு "உவர்" எண்டு சொல்லாதேங்கோ, அண்ணை. ஒருமாதிரிக் கிடக்கு.

ஐயாத்துரை: எனக்கும் ஒருமாதிரித்தான் கிடக்கு. அதுதான் சொல்லுறன்.

இராசேஸ்வரி: கேட்டா என்ன? பொடியன் கேக்காததுதான் எனக்கு இவ்வளவு நாளும் புதினம்.

ஐயாத்துரை: நீர் குசினிக்குப் போம். இதில உமக்கு விளங்காத விசயம் கிடக்கு.

இராசேஸ்வரி: ஓமோம். படகு வாங்க என்ர தாலிக்கொடி போகேக்க மட்டும் எனக்கு விளங்கினது. நான் இதிலதான் இருக்கப் போறன்.

ஐயாத்துரை: சரி, இரும். இருந்து நீரே கேளும். சசி, நேராக் கேக்கிறன். நிமலன் உன்னோட கதைச்சவனோ?

சசிகரன்: எந்த நிமலன்?

ஐயாத்துரை: பார்... "எந்த நிமலன்" எண்டு கேக்கிறான். நெடுந்தீவில எத்தினை நிமலன் சுவிசில இருந்து வந்து, புதுப் படகு வாங்கி, அதுக்குச் சுவாமிப் படமும் ஒட்டித் துறையில கட்டி வைச்சிருக்கிறான்?

சசிகரன்: ஓ, அவரோ... "காத்து எப்பிடி" எண்டு ஒருநாள் கேட்டவர். "சோளகக் காத்து, கடல் கொந்தளிக்கும்" எண்டனான். அவ்வளவுதான்.

ஐயாத்துரை: அவன்ர படகு வந்து மூண்டு கிழமை. மெத்தை போட்ட இருக்கை, ரண்டு எஞ்சின், எல்லாம் இருக்கு. ஓட்டி இல்லை. நீ இண்டைக்கு வந்து சம்பளம் கேக்கிறாய். நான் என்னத்தை நினைக்கிறது?

சசிகரன்: சம்பளம் காணாது எண்டு நினையுங்கோவன்.

ஐயாத்துரை: உனக்கு வாய் வைச்சிட்டுது. உதுவும் புதுசு.

சசிகரன்: அண்ணை, நானும் ஒண்டு நேராக் கேக்கட்டோ?

ஐயாத்துரை: கேள்.

சசிகரன்: உங்களிட்டை ஆரும் என்னைப்பற்றி விசாரிச்சவையோ?

ஐயாத்துரை: ... ஆர்?

சசிகரன்: ஆரெண்டாலும். போன் எடுத்து.

ஐயாத்துரை: இல்லை. ஒருத்தரும் எடுக்கேல்லை.

சசிகரன்: வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ.

ஐயாத்துரை: இதில யோசிக்க என்ன கிடக்கு? எடுத்தா எடுத்தது எண்டு சொல்லுவன். எடுக்கேல்லை.

இராசேஸ்வரி: அண்டைக்குச் சாப்பிடேக்க ஒரு கோல் வந்ததெல்லே? சோத்துக் கையோட எழும்பி வேலியடிக்குப் போய் நிண்டு கதைச்சனீங்கள்...

ஐயாத்துரை: அது டீசல்காரன்!

இராசேஸ்வரி: டீசல்காரனோட வேலியடியில நிண்டு கதைப்பினமோ? வீட்டுக்க நிண்டெல்லே அவனைப் பேசுவியள்.

ஐயாத்துரை: சிக்னல் இல்லை எண்டு போனனான். நீர் சும்மா இரும். ... சசி, நீ ஏன் உதைக் கேட்டனி? ஆர் எனக்கு எடுப்பினம் எண்டு பாத்துக்கொண்டு இருக்கிறாய்?

சசிகரன்: ஒருத்தருமில்லை. சும்மா கேட்டனான்.

ஐயாத்துரை: சும்மா.

சசிகரன்: ஓம், சும்மா.

இராசேஸ்வரி: ரண்டு பேரும் நல்லாப் பொய் சொல்லுறியள். நான் யன்னலைத் திறக்கிறன், புழுங்குது. ... இஞ்சாருங்கோ, கேற்றடியில ஒரு பிள்ளை குடையோட நிக்குது.

ஐயாத்துரை: ஆர்?

இராசேஸ்வரி: முகம் தெரியேல்லை. நீலக் குடை.

சசிகரன்: படகுக்கு வந்த ஆளாக்கும், அக்கா.

ஐயாத்துரை: படகுக்கு வந்தவை துறையில நிப்பினம். என்ர கேற்றடியில ஏன் நிக்கினம்? நிமலன் ஆக்களை விட்டு வேவு பாக்கிறானோ?

சசிகரன்: நிமலன் ஏன் நீலக் குடையோட ஆள் விடுறார்? அது பள்ளிக்கூட ரீச்சர், அண்ணை. திங்கள் காலமை வந்து வெள்ளி பின்னேரம் போறவ.

ஐயாத்துரை: முகமே தெரியேல்லை எண்டுறா இவ. உனக்கு எப்பிடித் தெரியும்?

சசிகரன்: குடையைத் தெரியும்.

இராசேஸ்வரி: கணக்குப் படிப்பிக்கிற பிள்ளையோ? வேலணைப் பிள்ளை? நல்ல பிள்ளை அது. உள்ள வந்து இருக்கச் சொல்லட்டோ?

சசிகரன்: வேண்டாம், வேண்டாம்!

ஐயாத்துரை: ஏன்ரா குழறுறாய்?

சசிகரன்: இல்லை... நாங்கள் காசு விசயம் கதைக்கிறம். வெளி ஆக்கள் எதுக்கு?

ஐயாத்துரை: அதுவும் சரிதான். ... சரி, விசயத்துக்கு வாறன். நான் உனக்கு என்ன குறை வைச்சனான்? தீவாளிக்குச் சாரம், சேட்டு. மீன் வந்தா வீட்டுக்கு ஒரு பங்கு. போன வருசம் போன்கூட வாங்கித் தந்தனான்.

சசிகரன்: நீங்கள் பாவிச்ச போன்.

ஐயாத்துரை: பாவிச்சா என்ன, கதைக்குதெல்லே?

சசிகரன்: கதைக்குது. சில நேரம் மற்றப் பக்கம் கதைக்கிறது எனக்குக் கேக்காது.

ஐயாத்துரை: சரி, புதுப் போன் ஒண்டு வாங்கித் தாறன். எழும்பு.

சசிகரன்: எனக்குப் போன் வேண்டாம்.

ஐயாத்துரை: இந்தக் கிழமை பெரிய விளைமீனா ரண்டு...

சசிகரன்: மீனும் வேண்டாம். சம்பளம் கூட்டித் தாங்கோ. இண்டைக்கே தாங்கோ. ரண்டரைப் படகு வெளிக்கிட முன்னம்.

ஐயாத்துரை: அங்க பார்! இப்ப நேரமும் குறிக்கிறான். ரண்டரைக்கு என்ன? படகில ஆர் போகினம் இண்டைக்கு?

சசிகரன்: வழமையாப் போற சனம்தான்.

ஐயாத்துரை: பிறகு ஏன் ரண்டரைக்கு முன்னம்? நாளைக்குத் தந்தா என்ன? வாற மாதம் தந்தா என்ன?

சசிகரன்: ஏலாது, அண்ணை.

ஐயாத்துரை: ஏன் ஏலாது?

சசிகரன்: சொல்லேலாது. கேக்காதேங்கோ. இண்டைக்கு நான் வெறுங்கையோட இந்தக் கேற்றால வெளிய போனன் எண்டால் என்ர வாழ்க்கை போச்சு. அதுக்கு மேல ஒண்டும் சொல்லமாட்டன்.

இராசேஸ்வரி: ஐயோ, என்ன தம்பி உப்பிடிச் சொல்லுறாய்? உடம்புக்கு வருத்தம் கிருத்தமோ?

சசிகரன்: இல்லை, அக்கா.

இராசேஸ்வரி: ஆருக்கும் காசு குடுக்கக் கிடக்கோ?

சசிகரன்: ஒரு சதம் இல்லை.

ஐயாத்துரை: வருத்தமில்லை. கடனில்லை. வாழ்க்கை மட்டும் போகுதாம். நிமலன் இண்டைக்குள்ள பதில் சொல்லச் சொல்லியிருக்கிறான். அதுதானே? "வெள்ளிக்கிழமை பின்னேரத்துக்கிடையில ஓமோ இல்லையோ சொல்லு" எண்டு கேட்டிருக்கிறான்.

சசிகரன்: அண்ணை, நான் ஓட்டுற படகாணை. நிமலனுக்கும் எனக்கும் ஒரு கதையுமில்லை.

ஐயாத்துரை: என்ர படகு மேல சத்தியம் பண்ணுறாய். ஓட்டை விழுந்தா எனக்கெல்லே நட்டம்.

சசிகரன்: சரி, என்ர கண்ணாணை.

ஐயாத்துரை: ம்.

சசிகரன்: நம்பேல்லையோ?

ஐயாத்துரை: பதினொரு வருசமா உன்னை நம்பித்தான் அறுபது எழுபது சனத்தைக் கடலுக்க விடுறன். இண்டைக்கு மட்டும்... ஏதோ இடிக்குது. நீ என்னட்டை ஒண்டை ஒளிக்கிறாய்.

சசிகரன்: நீங்கள் என்னட்டை ஒண்டும் ஒளிக்கேல்லையோ?

ஐயாத்துரை: நான் என்னத்தை ஒளிக்கிறது?

சசிகரன்: எனக்கென்ன தெரியும்? சும்மா கேட்டனான்.

ஐயாத்துரை: உன்ர இந்தச் சும்மாவைத்தான் என்னால தாங்கேலாமல் கிடக்கு!

இராசேஸ்வரி: இந்தாங்கோ, ரண்டு பேரும் மோரைக் குடியுங்கோ. இஞ்சாருங்கோ, போன சோளகக் காத்துக் காலத்தை மறந்திட்டியளோ? அன்னப்பிள்ளையின்ர மகளுக்கு வலி எடுத்து, டொக்டர் இஞ்ச வைச்சிருக்கேலாது எண்டு சொல்லி, ஒரு படகும் வெளிக்கிடாத நாள்...

ஐயாத்துரை: மறப்பனோ? நானும் துறையிலதான் நிண்டனான்.

இராசேஸ்வரி: ஆர் ஏறினது படகில?

ஐயாத்துரை: உவன்தான் ஏறினவன்.

இராசேஸ்வரி: நீங்கள் என்ன செய்தனீங்கள்?

ஐயாத்துரை: நான்... "போகாதை, படகு உடைஞ்சு போகும்" எண்டு கத்தினனான்.

சசிகரன்: "நீ உடைஞ்சு போவாய்" எண்டும் கத்தினனீங்கள், அண்ணை. அதுவும் கேட்டது எனக்கு.

ஐயாத்துரை: கேட்டதோ?

சசிகரன்: கேட்டது. அதுக்காகத்தான் இவ்வளவு காலமும் சம்பளம் கேக்கேல்லை.

ஐயாத்துரை: ... குடி, மோர் புளிக்கப் போகுது. அந்தக் குழந்தைக்கு இப்ப எத்தினை வயசு?

சசிகரன்: ஒரு வயசு நடக்குது. என்னைக் கண்டா அழும்.

ஐயாத்துரை: நன்றி கெட்ட குழந்தை. ... சரி. பத்து.

சசிகரன்: பதினைஞ்சு.

ஐயாத்துரை: பத்து. மிச்சத்தைத் தை பிறக்கப் பாப்பம்.

சசிகரன்: அண்ணை, சரியாச் சொன்னா எனக்குப் பத்தும் காணும். அஞ்சும் காணும். ஆனா எழுத்தில தரோணும்.

ஐயாத்துரை: என்னது?

சசிகரன்: எழுத்தில. சம்பளம் கூட்டியிருக்கு எண்டு ஒரு கடிதம். உங்கட கையெழுத்து, படகின்ர சீல்.

ஐயாத்துரை: ராசேஸ்வரி, கேட்டனீரோ? பத்து வேண்டாமாம், அஞ்சு காணுமாம், கடிதம்தான் வேணுமாம்! காசைவிடக் கடிதம் பெரிசாப் போச்சு. ஏன்ரா, என்ர சொல்லு காணாதோ உனக்கு?

சசிகரன்: எனக்குக் காணும்.

ஐயாத்துரை: அப்ப ஆருக்குக் காணாது?

சசிகரன்: ... பாங்குக்கு.

ஐயாத்துரை: எந்தப் பாங்க்?

சசிகரன்: யாழ்ப்பாணத்தில இருக்கிற பாங்க்.

ஐயாத்துரை: யாழ்ப்பாணத்தில றோட்டுக்கு நாலு பாங்க். எது?

சசிகரன்: அந்த... பஸ் நிலையத்துக்குக் கிட்ட.

ஐயாத்துரை: என்னத்துக்குக் கடன்?

சசிகரன்: வீடு... கட்டலாம் எண்டு.

ஐயாத்துரை: உனக்கு வீடு கிடக்கு. மழைக்கு ஒழுகினாலும் வீடு. நான் சொல்லட்டோ உந்தக் கடிதம் என்னத்துக்கு எண்டு? அதைக் கொண்டுபோய் நிமலன்ர மேசையில வைப்பாய். "ஐயாத்துரை இவ்வளவு தாறார், நீங்கள் என்ன தாறியள்" எண்டு கேப்பாய். என்ர கையெழுத்தை வைச்சே எனக்குக் குழி.

சசிகரன்: கடிதத்தில எழுதுங்கோவன்: "இது நிமலனுக்குக் காட்டக்கூடாது" எண்டு.

இராசேஸ்வரி: ஹா... நல்லாக் குடுத்தாய், தம்பி.

ஐயாத்துரை: சிரியும், சிரியும். இவன் போனா நாளைக்குப் படகை நீர்தான் ஓட்டோணும்.

இராசேஸ்வரி: ஓட்டுவன். உங்களைக் கரையில விட்டிட்டு ஓட்டுவன். இஞ்சாருங்கோ, பொடியன்ர முகத்தைப் பாருங்கோ. வேர்த்து ஒழுகுது. பவுடரெல்லாம் கரைஞ்சு போச்சு. பதினொரு வருசத்தில ஒரு கடிதம் கேக்கிறான். உங்களுக்குக் கை தேஞ்சு போகுமோ?

ஐயாத்துரை: எனக்குக் கடிதம் எழுதப் பயமில்லை. இவன் போயிடுவான் எண்டுதான் பயம். சொல்லிப்போட்டன், போ. இந்தக் கடல்ல இவனை மாதிரி ஓட்டி இல்லை. தண்ணியின்ர நிறத்தைப் பாத்தே பாறை எங்க எண்டு சொல்லுவான். இவன் ஓட்டினாத்தான் என்ர தமக்கையே படகில ஏறுறவ. மற்றவன் எண்டா "காத்து அடங்கட்டும்" எண்டு வீட்டில இருந்திடுவா.

சசிகரன்: ... அண்ணை.

ஐயாத்துரை: என்ன?

சசிகரன்: உதை மனசாரத்தான் சொல்லுறியளோ?

ஐயாத்துரை: பின்னை? உன்ர மூஞ்சைக்கு முன்னால வடிவாச் சொல்ல எனக்கு விசரோ? அந்த லாச்சியைத் திற. ஆக்களின்ர பேர் எழுதிற கொப்பி கிடக்கு, நடுவில ஒரு தாள் கிழி. பேனை... உது எழுதாது, மற்றதை எடு.

சசிகரன்: நீங்கள்தான் எழுதோணும். உங்கட கையால.

ஐயாத்துரை: நான்தான்ரா எழுதிறன். சொல்லு. "ச... சி... க... ரன் எண்டவர் என்ர படகில பதினொரு வருசமா ஓட்டியா வேலை செய்யிறார். இந்த மாதம் தொட்டு அவருக்கு" ... பதினைஞ்சே போடுறன், போய்த் தொலை... "பதினைஞ்சாயிரம் ரூபா சம்பளம் கூட்டப்பட்டிருக்குது." காணுமோ?

சசிகரன்: இன்னும் ஒரு வசனம்.

ஐயாத்துரை: சொல்லு.

சசிகரன்: "இவர் ஒருநாளும் குடிச்ச வெறியில படகில ஏறினதில்லை."

ஐயாத்துரை: ... என்ன?

சசிகரன்: எழுதுங்கோ.

ஐயாத்துரை: பாங்குக்கு ஏன் உது?

சசிகரன்: இப்ப எல்லாம் பாக்கினமாம்.

ஐயாத்துரை: வெறி இல்லாதவனுக்குத்தான் கடன் எண்டா இலங்கையில பாங்க் எல்லாத்தையும் பூட்டிப்போட்டுப் போகோணும். ... சரி, எழுதிறன். "வெறியில... ஏறினதில்லை." முடிஞ்சுதோ?

சசிகரன்: "நேரத்துக்கு வேலைக்கு வாறவர்."

ஐயாத்துரை: ம். "வாறவர்."

சசிகரன்: "படகு ஓட்டேக்க நித்திரை கொள்ளுறவர் இல்லை."

ஐயாத்துரை: "படகு ஓட்டேக்க நித்திரை..."

சசிகரன்: ஏன் அண்ணை பேனை நிக்குது?

ஐயாத்துரை: உந்த மூண்டையும் உனக்கு ஆர் சொல்லித் தந்தது?

சசிகரன்: எதை?

ஐயாத்துரை: வெறி... நேரம்... நித்திரை. அதே மூண்டும். அதே ஒழுங்கில.

சசிகரன்: ஏன், பொய்யோ?

ஐயாத்துரை: பொய்யில்லை. உண்மைதான்.

சசிகரன்: உண்மை எண்டா எழுதுங்கோ, அண்ணை.

ஐயாத்துரை: ... "கொள்ளுறவர்... இல்லை." இந்தா, கையெழுத்து. இந்தா, சீல். இனி நீ எனக்கு உண்மையைச் சொல்லோணும். நிமலன் உனக்கு எல்லாத்தையும் சொல்லிப்போட்டான், என்ன?

சசிகரன்: என்னத்தை?

ஐயாத்துரை: நான் போனில சொன்னதை.

இராசேஸ்வரி: எந்தப் போன்? அப்ப அது டீசல்காரன் இல்லையோ?

ஐயாத்துரை: டீசல்காரனும் இல்லை, ஒருத்தனும் இல்லை. பத்து நாளைக்கு முன்னம் ஒருத்தன் எடுத்தவன். பேர் சொன்னவன், எனக்கு மனசில நிக்கேல்லை. வேலணையில இருந்து கதைக்கிறன் எண்டான். "உங்கட படகோட்டி சசிகரன் எப்பிடிப்பட்ட ஆள்" எண்டு கேட்டான். எனக்கு உடன விளங்கிட்டுது. நிமலன் தான் கேக்க வெக்கப்பட்டு ஆரையோ விட்டுக் கேப்பிக்கிறான். நான் விடுவனோ? "அவனோ, வெறிக்குட்டி. நேரத்துக்கு வாறதில்லை. ஓட்டேக்க நித்திரை. பாவம் எண்டு வைச்சிருக்கிறன்" எண்டு நல்லாக் குடுத்தனான். உன்னை இழிவுபடுத்த இல்லையடா, சசி... நீ போயிடக்கூடாது எண்டு. நல்ல மாட்டை விக்க மனமில்லாதவன் அதுக்கு நொண்டி எண்டுதானே சொல்லுவான்?

இராசேஸ்வரி: வேலணையில இருந்தோ? வயசான குரலோ?

ஐயாத்துரை: ஓம், அப்பிடித்தான் இருந்தது. நல்ல மரியாதையாக் கதைச்சவன்.

இராசேஸ்வரி: வேற என்ன கேட்டவர்?

ஐயாத்துரை: எத்தினை சகோதரங்கள் எண்டு கேட்டான். பொறுப்புக் கூடின ஆளோ எண்டு பாக்கிறான் எண்டு நினைச்சனான்.

இராசேஸ்வரி: பேந்து?

ஐயாத்துரை: பரம்பரையில சீனி வருத்தம் இருக்கோ எண்டான். வேலைக்கு எடுக்கிறவன் கேப்பான்தானே?

இராசேஸ்வரி: பேந்து?

ஐயாத்துரை: பேந்து... பிறந்த நேரம் தெரியுமோ எண்டு கேட்டான்.

இராசேஸ்வரி: பிறந்த நேரமோ!

ஐயாத்துரை: ஓம். அது எனக்கும் கொஞ்சம் புதினமாத்தான் இருந்தது. நிமலன் நாள் கோள் பாக்கிற ஆளாக்கும் எண்டு...

இராசேஸ்வரி: பாவிப்பட்ட மனிசா! படகு ஓட்டப் பிறந்த நேரம் கேப்பினமோ? எங்கட மகளுக்குக் கலியாணம் பேசி வரேக்க மாப்பிள்ளை வேலை செய்யிற கந்தோருக்குப் போன் எடுத்து நீங்கள் என்ன கேட்டனீங்கள்? இதே சகோதரம், இதே சீனி வருத்தம்!

ஐயாத்துரை: ... அப்ப... அது நிமலன்ர ஆள்...

சசிகரன்: இல்லை, அண்ணை. அரியநாயகம் எண்டு, வேலணை. பொம்பிளையின்ர தேப்பன்.

ஐயாத்துரை: உனக்குப் பேசினவையோ?

சசிகரன்: சாதகக் குறிப்புப் பொருந்தினது. அவவுக்கும் விருப்பம், எனக்கும் விருப்பம். முதலாளியிட்டை ஒரு சொல்லுக் கேப்பம், மற்றபடி சரி எண்டு எடுத்தவர். முடிவாகுமட்டும் ஒருத்தருக்கும் சொல்லுறதில்லை எண்டு நானும் உங்களுக்குச் சொல்லேல்லை. சொல்லியிருந்தா...

ஐயாத்துரை: ஐயோ, முருகா.

சசிகரன்: ஸ்பீக்கரில போட்டுத்தான் கதைச்சவர். வீடு முழுக்கக் கேட்டதாம். ஞாயிற்றுக்கிழமை வேற இடத்துக்குச் சொல்லுக் குடுக்கப் போறார்.

ஐயாத்துரை: அண்டைக்கே உனக்குத் தெரியுமோ?

சசிகரன்: அண்டைக்கே தெரியும்.

ஐயாத்துரை: பத்து நாளாத் தெரிஞ்சுகொண்டோ என்ர படகை ஓட்டினனி?

சசிகரன்: ஓட்டினனான். உங்கட முகத்தை மட்டும் பாக்கேலாமல் இருந்தது. கலியாணம் முடிச்சா வேலணைக்குப் போயிடுவான் எண்டு, ஆரெண்டு தெரிஞ்சே சொன்னனீங்களோ எண்டு நினைச்சனான். அதை நினைச்ச அண்டு இரவு அழுதனான், அண்ணை. பொய் சொல்லேல்லை.

இராசேஸ்வரி: தெரிஞ்சு சொல்லமாட்டார், தம்பி. அவ்வளவு மூளை இவருக்கில்லை.

ஐயாத்துரை: இப்ப எடு அந்த ஆளின்ர நம்பரை. நானே கதைக்கிறன். காலில விழுறன். ... ஆனா நீ ஏன்ரா வந்த உடன கேக்கேல்லை? மூஞ்சையில துப்பியிருக்கலாமே! ஒரு மணித்தியாலமா எனக்கு முன்னால இருந்து, பாங்க், வீடு எண்டு பொய் சொல்லி, சம்பளம் ஏன்ரா கேட்டனி?

சசிகரன்: உது என்ர யோசனை இல்லை, அண்ணை, கேக்கச் சொன்னது அவ. "முதலாளியிட்டைக் காரணம் சொல்லாமல் சம்பளம் கூட்டிக் கேளுங்கோ. வெறிக்குட்டிக்குச் சம்பளம் கூட்டிக் குடுக்கிற முதலாளி உலகத்தில இல்லை. அவர் தந்தா அப்பாவுக்குச் சொன்னது பொய், கடிதத்தை அப்பான்ர கையில நானே குடுப்பன். தராட்டி, அவர் சொன்னது உண்மை எண்டு நானும் நம்புவன்" எண்டவ. அக்கா, அந்த நீலக் குடையை உள்ள வரச் சொல்லுங்கோ. பதில் தெரியாமல் ஒரு மணித்தியாலமா வெயிலுக்க நிக்கிறா.